கழுத்தைத் திருப்பும் வெளிச்சம்

முகத்துக்கு நேரே வெளிச்சத்தை அடித்து எடுத்த படத்தில் எந்த மனிதனும் தன் வயதுக்குப் பத்து வயது மூத்தவனாகவும், ஏதோ ஒரு குற்றத்தில் அப்போதுதான் பிடிபட்டவனாகவும் தோன்றுவான் என்பது, கேமராவின் உச்சியிலிருந்து தானே எழும்பி மின்னும் சிறு விளக்கை நம்பி இரண்டு வருஷ காலம் உறவினர் வீட்டு விசேஷங்களைப் படம் பிடித்து, அவர்களுடைய மௌனமான அதிருப்தியைச் சம்பாதித்துக்கொண்ட எனக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். ஆகவே சென்ற புரட்டாசியில், பாளையங்கோட்டை தசராவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, தனியாக ஒரு ஃபிளாஷ் வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன். வாங்கியது கோடாக்ஸ் டிடி600. இப்போது தை பிறந்துவிட்டது.

அதன் லக்ஷணங்களை விஸ்தரிக்கப் போவதில்லை. பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. நான்கு டபுள்-ஏ செல்கள். முழுச் சக்தியிலிருந்து 128-இல் ஒரு பங்கு வரை நாமே ஏற்றி இறக்கவேண்டிய பிரகாசம். தூரத்திலிருந்து இயக்குவதற்கு உள்ளேயே ஒரு ரேடியோ. கேமராவே வெளிச்சத்தை அளந்து நிர்ணயிக்கும் டி.டி.எல். வசதி கிடையாது. இவை யாவற்றையும்விட என்னை ஆட்கொண்டது அதன் கழுத்து. மேலே 90 டிகிரி நிமிரும். பக்கவாட்டில் 330 டிகிரி, அதாவது ஏறக்குறைய முழு வட்டம், திரும்பும். முதல் மூன்று நாள் இந்தக் கழுத்தின் மகிமை தெரியாமல், பழைய வழக்கப்படி எல்லார் முகத்திலும் நேரே அடித்துக்கொண்டிருந்தேன். வண்ணார்பேட்டையில் கல்யாணப் படம் எடுக்கும் ஒரு தம்பி அதைப் பார்த்துவிட்டு, "கழுத்தைத் திருப்பத்தானே அண்ணாச்சி காசு குடுத்தீய? மேலே பாத்து அடிங்க" என்றார்.

அன்று சாயங்காலம் மகாராஜநகரில் அக்காள் மகளுக்கு வளைகாப்பு. வெள்ளையடித்த கான்கிரீட் கூரை. பத்தடி உயரம் இருக்கும். விளக்கின் முகத்தைக் கூரைக்குக் காட்டி ஒரு படம் எடுத்தேன். சந்தனம் பூசிய கன்னத்தின் வளைவும், கையில் அடுக்கிய கண்ணாடி வளையல்களின் ஒவ்வொரு விளிம்பிலும் ஊர்ந்த ஒளிக்கோடும், பின்னால் சுவரில் வழக்கமாக விழும் கருநிழல் மாயமாக மறைந்துவிட்டதும் சேர்ந்து, இது நான் எடுத்த படந்தானா என்று எனக்கே சந்தேகத்தை உண்டாக்கின. எண்பதைத் தாண்டிய ஆச்சி, வாழ்நாளில் முதல் தடவையாக, தன் படத்தை மறுபடியும் காட்டச் சொன்னாள்.

காரணம் ஒன்றும் ரகசியமல்ல. உள்ளங்கையளவுகூட இல்லாத கண்ணாடியிலிருந்து நேரே பாயும் ஒளி, சித்திரை மாதத்து உச்சி வெயிலைப் போன்றது. நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். அதே ஒளி கூரையில் பட்டு நாலைந்து அடி அகலத்துக்குப் பரந்து இறங்கும்போது கூரையே விளக்காகிவிடுகிறது. ஆனி ஆடியில் மேற்கே மலைப்பக்கத்திலிருந்து மேகம் ஏறி வந்து நம் ஊர் ஆகாயத்தை மூடும் நாட்களில், தெருவில் நிற்கிறவர்கள் எல்லாருமே சற்று அழகாகத் தெரிகிறார்களே, அதே நியாயந்தான். திருச்செந்தூர் சாலையிலுள்ள கிருஷ்ணாபுரம் கோவிலுக்குப் போய், ரதியும் வீரபத்திரரும் குறவனும் நிற்கும் மண்டபத்தில் ஒளி பக்கவாட்டில் விழும் வேளையில் சற்று நின்று பார்த்தவர்களுக்கு, வெளிச்சம் எங்கே இருந்து வருகிறது என்பதுதான் உருவத்தைச் செதுக்குகிறது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. (அங்கே ஃபிளாஷை எடுக்கவேண்டாம், கண்ணே போதும்.)

இனி என் கோபங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, இந்த ஃபிளாஷின் சக்திக்கு அடையாளமாகச் சொல்லும் 60 என்ற எண். கைடு நம்பர் என்று இதற்குப் பெயர்; வாங்குகிறவர்கள் ஜாதகக் கட்டம் பார்ப்பதுபோல் இதைப் பார்க்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 100-இல் லென்ஸ் துவாரம் எஃப்/4 என்றால் 60-ஐ 4-ஆல் வகுத்து 15 மீட்டர் எட்டும் என்பது கணக்கு. ஆனால் விளக்கின் ஒளியை 200 மி.மீ. லென்ஸுக்கு ஏற்ப ஒடுக்கிக் குவித்தபோது அளந்த எண் அது. கூடத்தில் பந்திக்கு உட்கார்ந்திருப்பவர்களை அகலமாக எடுக்கும்போது வெகுவாகக் குறைந்துவிடும். கூரையில் அடித்து எடுப்பவனுக்கோ அந்த எண்ணால் நேரான பிரயோஜனமே இல்லை. எட்டடி தூரத்தில் இருப்பவரிடம் ஒளி கூரை வழியாகச் சுமார் 13 அடி பிரயாணம் செய்து சேர்கிறது. தூரக் கணக்கிலேயே அது இரண்டரை மடங்கு மங்கிவிடுகிறது. கூரை அதை நாலா பக்கமும் சிதறடிப்பது தனி. ஐ.எஸ்.ஓ.வை 800-க்கு ஏற்றினேன். கால் பங்கு சக்தியே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

இரண்டாவது கோபம், சுவர்களுக்கு வர்ணம் பூசும் நம்மவர்களின் மேல். கிளிப்பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி மணப்பெண்ணின் கன்னத்துக்கும் கிளிப்பச்சையைக் கொண்டுவந்து சேர்க்கும். தேக்கு உத்திரமும் புகையேறிய கட்டைகளும் உள்ள என் பூர்விக வீட்டில் கூரை ஒளியை விழுங்கியதே தவிரத் திருப்பித் தரவில்லை. மூன்றாவது, விளக்கின் தலையில் குல்லாய்போல் மாட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி. கூரையும் சுவரும் இல்லாத வெட்டவெளியில் அதை மாட்டிக்கொண்டு ஒளி மென்மையாகிவிட்டதாக நம்புகிறவர்களைக் காணும்போதெல்லாம், அது பேட்டரியைத்தான் மென்மையாக்குகிறது என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது.

வெட்டவெளி என்றதும் தசரா ஞாபகம் வருகிறது. ஆயிரத்தம்மன் முதலான அம்மன்களின் சப்பரங்கள் இரவெல்லாம் வலம்வந்து, கடைசியில் எருமைக்கிடா மைதானத்தில் சம்ஹாரம் நடக்கும் அந்த நாட்களில், கூரை என்று சொல்ல ஆகாயத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஆகாயம் வாங்கிய ஒளியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. சப்பரத்தை எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிட்டேன். வண்ண விளக்குகளின் ஒளியில் அம்மன் வரும் கோலத்தை என் வெள்ளை மின்னல் கெடுக்கவேண்டிய அவசியம் இல்லை. சப்பரத்தின் பின்னே நடந்த முகங்களுக்குத்தான் வெளிச்சம் வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற சிநேகிதரின் வெள்ளை வேஷ்டி கண்ணில் பட்டது. அதன் இரு முனைகளையும் விரித்துப் பிடிக்கச் சொல்லி, விளக்கின் கழுத்தை அதன் பக்கம் திருப்பினேன். வேஷ்டியிலிருந்து புறப்பட்ட ஒளியில் மேளக்காரர் ஒருவரின் வியர்வைத் துளிகள் முத்துக்களாக விழுந்த படம் இப்போது என் கூடத்தில் மாட்டியிருக்கிறது. சிநேகிதருக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். அவருக்கு அது நியாயமாகவே சேரவேண்டியது.

கேனன் கேமரா வைத்திருக்கும் புதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1500டி, 3000டி, 200டி இரண்டாம் பதிப்பு ஆகியவற்றில், ஃபிளாஷை மாட்டும் இடத்தின் நடுவே மற்றக் கேமராக்களில் காணும் உலோகப் பொட்டு இல்லை. அந்தப் பொட்டை மட்டுமே நம்பும் எளிய மேனுவல் ஃபிளாஷ்கள் அவற்றின் மேல் மின்னா. கேனனின் பாஷை தெரிந்த ஃபிளாஷைத்தான் தேடவேண்டும். சோனிக்காரர்களுக்கு டிடி600எஸ் என்று தனியாகவே ஒன்று உண்டு. ஓடியாடும் குழந்தைகளையும் ஓரிடத்தில் நிற்காத விருந்தினர்களையும் எடுப்பதே உத்தேசம் என்றால் டி.டி.எல். உள்ள டிடி685 வகைக்குக் கூடுதலாகச் செலவழிப்பதில் தவறில்லை. ஆனால் கையால் ஏற்றி இறக்கிப் பழகிய நாலு மாதத்தில் வெளிச்சத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது, தானியங்கியிடம் பொறுப்பை ஒப்படைத்திருந்தால் நாலு வருஷத்திலும் வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். எதை வாங்கினாலும் கழுத்து மேலும் பக்கவாட்டிலும் திரும்புகிறதா என்று முதலில் பாருங்கள். மேலே மட்டும் நிமிர்வதை வாங்கினால், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்த மாத்திரத்தில் கூரை கைநழுவிப் போய்விடும்.

கடைக்குப் போகும்போது கேமராவையும் எடுத்துப்போய், அங்கேயே மாட்டி ஒருமுறை மின்னவைத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். ரீசார்ஜ் செய்யும் செல்களை நான்காக அல்ல, எட்டாக வாங்குங்கள். முழுச் சக்தியில் மின்னினால் அடுத்த மின்னலுக்கு 2.6 நொடி வரை காத்திருக்கவேண்டும், செல் களைத்தால் அதற்கும் மேலாகும், அதுவரை தாலி கட்டுகிறவர் காத்திருக்க மாட்டார்.