வேரில் தங்கும் ஈயம்

குளத்தை மூடும் களை என்று நாம் வெறுக்கும் ஆகாயத்தாமரைக்கு ஓர் அரிய திறன் உண்டு. சாலையில் பெய்யும் மழை, டயரின் துத்தநாகத்தையும் பிரேக்கின் செம்பையும் அடித்துக்கொண்டு நீர்நிலைக்குள் இறங்குகிறது. மண்ணைத் தொடாமல் தண்ணீரில் தொங்கும் இச்செடியின் இறகு போன்ற வேர்க்கற்றை அந்த உலோகங்களைப் பற்றி வைத்துக்கொள்கிறது. இலைக்கு ஏறுவது குறைவு. என்ன நேர்த்தியான அமைப்பு! 1970களில் அமெரிக்காவின் மிசிசிப்பியில் நாசா விஞ்ஞானி பில் வுல்வர்ட்டன் ஈயம், பாதரசம், காட்மியம் கலந்த நீரில் இதைச் சோதித்துக் காட்டினார். உலோகம் அழிவதில்லையே, செடி அழுகினால் திரும்ப நீருக்குத்தானே வரும் என்பது நியாயமான கேள்வி. கட்டுமீறிப் பரவும் என்ற அச்சமும் உண்மையே. இரண்டுக்கும் விடை அறுவடைதான்: தடுப்புக் கட்டிய தொட்டியில் வளர்த்து, அழுகுமுன் வேரோடு அள்ளிவிட வேண்டும். அள்ளியதை மாட்டுக்குப் போடாதீர்கள், உரமாகவும் ஆக்காதீர்கள்.