மத்தேயு 18-ஆம் அதிகாரமும் ஒரு பேராசிரியரும்

இறையியல் கல்லூரியில் ஓர் ஆசிரியர் ஓய்வு பெறும்போது மலர் வெளியிடும் வழக்கம் உண்டு. மாணவர்கள் அதில் நன்றியுரை எழுதுவர். வகுப்பில் அவர் கூறிய வேடிக்கைப் பேச்சு ஒன்றையும் சேர்ப்பர். அவரால் காயப்பட்ட மாணவர் அம்மலரில் எழுதுவதில்லை. அவருடைய சொல் விடுதி அறையிலும் தாழ்வாரத்திலும் தாழ்ந்த குரலில் வழங்கி, அங்கேயே மறைந்துபோகிறது. யாரேனும் அதை உரக்கச் சொன்னால் அதற்குப் 'புறங்கூறுதல்' என்று பெயர் சூட்டப்படுகிறது. ஆசிரியரைப் பற்றிய கசப்பான உண்மையை மாணவர் எடுத்துரைப்பது புறங்கூறுதலா, சாட்சியா? இவ்வினாவைப் பொதுப்படையாக ஆராய்வதைவிட, ஆவணங்கள் வெளிவந்துள்ள ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய்வதே பயன் தரும் எனக் கருதுகிறோம்.

அந்நிகழ்ச்சி அமெரிக்க மெனோனைட்டுத் திருச்சபையைச் சார்ந்தது. ஜான் ஹவர்டு யோடர் (1927–1997) அச்சபையின் தலைசிறந்த இறையியலாளர் எனப் போற்றப்பட்டவர். பாசல் நகரில் கார்ல் பார்த்திடம் பயின்றவர். 1972-இல் வெளிவந்த 'இயேசுவின் அரசியல்' என்னும் நூலால் பல நாடுகளிலும் அறியப்பட்டவர். சிலுவையின் வழி வன்முறையற்ற வழி. அது தனிமனிதனின் பக்திக்கு மட்டுமன்றிச் சமுதாய வாழ்வுக்கும் உரியது என்பது அந்நூலின் வாதம். இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரிலுள்ள மெனோனைட்டு இறையியல் கல்லூரியிலும், பின்னர் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திலும் அவர் கற்பித்தார்.

அதே காலத்தில், 1970-களின் நடுப்பகுதி தொடங்கியேனும், தம் மாணவியரிடத்தும் திருச்சபைப் பணியில் இருந்த பிற பெண்களிடத்தும் அவர் பாலியல் வகையில் அத்துமீறி நடந்துவந்தார். ரேச்சல் வால்ட்னர் கூசன் என்னும் வரலாற்றுப் பேராசிரியர், கடிதங்களையும் நேர்முக உரையாடல்களையும் சான்றாகக் கொண்டு, 2015 ஜனவரியில் 'மெனோனைட் குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் நீண்டதோர் ஆய்வை வெளியிட்டார். பாதிக்கப்பட்ட பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் இருக்கலாம் என்னும் மதிப்பீடு அதில் காணப்படுகிறது. யோடர் தம் செயலை மறைக்க முயன்றார் என்று மட்டும் கூறி இதை முடித்துவிட இயலாது. கிறிஸ்துவுக்குள் சகோதரரும் சகோதரிகளும் ஆனவர்களிடையே புதியதொரு நெருக்கத்தைத் தேடும் 'பரிசோதனை' என்று அதற்கு இறையியல் விளக்கமே அளித்தார். அவரிடம் இறையியல் கற்க வந்த மாணவி, அவரை மறுப்பதற்கான வாதத்தையும் அவரிடமே கற்றாக வேண்டிய நிலை!

கல்லூரித் தலைவர் மார்லின் மில்லருக்கு 1976 அளவிலேயே செய்தி எட்டியது. அவர் யோடரோடு கடித வழியாக வாதாடினார். முறையிட்ட பெண்களிடம் செய்தியை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1984-இல் யோடர் அக்கல்லூரியை விட்டு நீங்கினார். காரணம் வெளியே சொல்லப்படவில்லை. நோட்டர் டேமில் அவர் பணி தொடர்ந்தது. 1992-இல் எட்டுப் பெண்கள் ஒன்றுசேர்ந்து திருச்சபைத் தலைவர்களிடம் முறையிட்டனர். அவ்வாண்டு எல்கார்ட் நகர நாளிதழ் ஒரு தொடர் கட்டுரையை வெளியிட்டது. அவருடைய ஊழியச் சான்றும் நிறுத்திவைக்கப்பட்டது.

இடைப்பட்ட பதினாறு ஆண்டு மௌனத்துக்குத் துணையாக நிறுத்தப்பட்ட வேதபகுதி மத்தேயு 18:15–17. குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே செல்லவும், அவன் செவிகொடாவிடில் ஓரிருவரை அழைத்துச் செல்லவும், பின்னர் சபைக்குத் தெரிவிக்கவும் ஆண்டவர் பணிக்கும் பகுதி அது. மெனோனைட்டு மரபில் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. 'கட்டுதலும் கட்டவிழ்த்தலும்' பற்றி 1967-இல் கட்டுரை எழுதி, சபை ஒழுங்கின் உயிர்நாடி அதுவே என்று வாதிட்டவர் யோடர். தம்மீது முறையீடு எழுந்தபோது அதே பகுதியைச் சுட்டி, குறை கூறுவோர் தம்மிடம் நேரில் வரவேண்டும் என்று வற்புறுத்தினார்.

இவ்விளக்கம் வேதபாடத்தைத் தலைகீழாக்குகிறது என்பது நம் கருத்து. தனியே செல்லுதல், சகோதரனை ஆதாயப்படுத்திக்கொள்ளச் செல்பவன் மேற்கொள்ளும் அன்பின் முயற்சி. குற்றம் செய்தவன் உரிமையாகக் கேட்டுப் பெறும் சலுகையன்று. மேலும், இருவரும் சம நிலையிலுள்ள சகோதரர் என்பது இப்பகுதியின் எடுகோள். ஆசிரியரும் மாணவியும் அவ்வாறில்லை. மதிப்பெண் இடுபவர் ஒருவர். பரிந்துரைக் கடிதத்தில் கையொப்பமிடுபவரும் அவரே. எந்த அறையில் தனித்திருந்தபோது தீங்கு நேர்ந்ததோ, அதே அறைக்குத் தனியே திரும்பிச் சென்று நியாயம் கேள் என்று அவளிடம் சொல்வது ஒழுங்கு ஆகுமா? இதே அதிகாரம், பெரியவன் யார் என்று கேட்ட சீடர்முன் ஒரு பிள்ளையை நிறுத்தித் தொடங்குகிறது. சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குவோனுக்கு ஏந்திரக்கல்லை நினைவூட்டுகிறது. ஆறாம் வசனத்தை விட்டுவிட்டுப் பதினைந்தாம் வசனத்தைப் பற்றிக்கொண்டோர், சிறியர் பக்கம் நின்ற அதிகாரத்தைப் பெரியவரின் கேடயமாக்கினர்.

பாடபேதம் ஒன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பதினைந்தாம் வசனத்தில் 'உனக்கு விரோதமாக' எனப் பொருள்படும் சொற்கள் சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இல்லை. முழு வாதத்தையும் இதன்மேல் ஏற்றிவிட நாம் விரும்பவில்லை. ஆயினும் அப்பாடத்தை ஏற்றால், கடிந்துகொள்ளும் கடமை தீங்கடைந்தவர்மேல் மட்டும் விழாது. குற்றத்தை அறிந்த உடனாசிரியர் ஒவ்வொருவர்மேலும் விழும். எல்லாருக்கும் தெரியச் செய்த பிழையை எல்லார் முன்னிலையிலும் பவுல் பேதுருவிடம் கண்டித்ததை (கலாத்தியர் 2) இதனோடு சேர்த்துப் படிக்கலாம்.

சாட்சிகளைப் பற்றிய விதியும் இவ்வாறே பயன்படுத்தப்பட்டது. மூப்பனுக்கு விரோதமான முறையீட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இன்றி ஏற்கலாகாது என்பது 1 தீமோத்தேயு 5:19. நல்ல விதிதான், பொய் முறையீடுகளும், குறைந்த மதிப்பெண்ணுக்குப் பழிவாங்கும் பேச்சும் உலகில் உண்டு. ஆனால் எல்கார்ட்டில் நடந்தது என்ன? ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியே முறையிட்டாள். ஒவ்வொருத்தியிடமும் இரகசியம் கேட்கப்பட்டது. ஒருத்தி மற்றொருத்திக்குச் சாட்சியாகும் வழி அதனால் அடைபட்டது. சாட்சிகள் இல்லாமல் இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் அறியாதபடி வைக்கப்பட்டிருந்தனர். அடுத்த வசனமோ, குற்றம் செய்த மூப்பரை எல்லார் முன்பாகவும் கடிந்துகொள்ளப் பணிக்கிறது. அது கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இதில் வேதனையான செய்தி ஒன்று உண்டு. மெனோனைட்டுகளின் முன்னோரான அனபாப்திஸ்தர் 1527-இல் ஷ்லைட்ஹைம் என்னுமிடத்தில் ஏழு கட்டுரைகள் கொண்ட அறிக்கையை ஏற்றனர். அதன் ஐந்தாம் கட்டுரை மேய்ப்பர்களைப் பற்றியது. சாட்சிகளின் தேவையையும், குற்றம் செய்த மேய்ப்பரை வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியதையும் அது சேர்த்தே கூறுகிறது. அவ்வறிக்கையைத் தற்கால ஆங்கிலத்தில் பெயர்த்து 1973-இல் நூலில் வெளியிட்டவர் யோடரே.

இனி அவர் நூல்களை என் செய்வது? மனிதன் வேறு, கருத்து வேறு என்பர் ஒரு சாரார். அலமாரியிலிருந்தே அகற்றுக என்பர் மற்றொரு சாரார். இரண்டும் வாசிப்பு உழைப்பைத் தவிர்க்கும் வழிகளாகவே நமக்குத் தோன்றுகின்றன. 'இயேசுவின் அரசியல்' நூலின் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மனைவியரும் அடிமைகளும் கீழ்ப்படிதலைப் பற்றிய அப்போஸ்தலப் போதனை, தாழ்ந்தோரையே பொறுப்புள்ள மனிதராக விளிக்கிறது. அவர்கள் மனமுவந்து ஏற்கும் பணிவு புரட்சித் தன்மையுடையது என்பது அங்கே வாதம். பெண்ணிய இறையியலார் முன்னரே இதைக் கண்டித்தனர். அந்தப் பணிவு யாருக்கு வசதியாக அமைகிறது என்னும் வினாவுக்கு, ஆவணங்களைப் படித்தபின் புதிய கூர்மை வருகிறது. 'கட்டுதலும் கட்டவிழ்த்தலும்' பற்றிய சிந்தனையிலும் குறை இத்தகையதே. சபையில் அனைவரும் சமம் என்று அழுத்திக் கூறுவதனாலேயே, நடைமுறையில் ஒருவர் கையில் குவிந்துள்ள அதிகாரம் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. போர்க்களத்து வன்முறையை இவ்வளவு நுட்பமாகக் கண்ட எழுத்து, படிப்பறையின் வன்முறைக்குச் சொல் வைத்திருக்கவில்லை.

மெனோனைட்டுப் பதிப்பகமான ஹெரால்டு பிரஸ் 2013-இல், தான் வெளியிடும் யோடர் நூல்களில் இச்செய்தி பற்றிய குறிப்பைச் சேர்க்க முடிவு செய்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் முகப்பில் ஒரு குறிப்பு, உள்ளே வாதத்தை இருந்தவாறே விட்டுவைக்கிறது. கூசனின் ஆய்வை ஒன்பதாம் அதிகாரத்தோடு ஒரே பாடவேளையில் படிப்பிக்கும் ஆசிரியர் அதனினும் நன்மை செய்பவர்.

1992-இல் தொடங்கிய ஒழுங்கு நடவடிக்கை 1996-இல் முடிவுற்றது. எழுதுவதிலும் கற்பிப்பதிலும் யோடர் தம் வரங்களைப் பயன்படுத்துமாறு முடிவறிக்கை ஊக்குவித்தது. பெண்களிடம் திருச்சபை மன்னிப்புக் கேட்பது அப்போது மையமாக இருக்கவில்லை. எல்கார்ட் கல்லூரி 2015 மார்ச்சில் புலம்பலும் அறிக்கையிடுதலுமான ஓர் ஆராதனையை நடத்தி, தான் செய்யத் தவறியவற்றுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. மில்லர் 1994-இலும் யோடர் 1997-இலும் மறைந்திருந்தனர்.