உடையார்பாளையத்துக்கு ஒரு வரலாற்றுக் குழு

ராஜேந்திர சோழன் அரியணை ஏறிய 1000-ஆவது ஆண்டை 2014-இல் கங்கைகொண்ட சோழபுரம் மேம்பாட்டுக் குழுமம் கொண்டாடியது. இன்றைக்கு ஆடித் திருவாதிரை அரசு விழா. இதன் அருமை தெரியணும்னா 1836-க்குப் போகணும். கொள்ளிடத்தில் கீழணை கட்ட அந்தக் கோயிலின் கல் மதிலைப் பெயர்த்தார்கள். தடுக்கப் பார்த்த ஊர் ஜனங்களுக்குத் தண்டனை. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போச்சு.

ஆனால் ஜெயங்கொண்டம் தாண்டி உடையார்பாளையம் வந்தால் இந்த உற்சாகம் வற்றிவிடுகிறது. நம்ம வரலாற்று ஆர்வலர்களுக்குச் சோழன்னா புல்லரிக்கும், ஜமீன்னா கொட்டாவி. முகலாயப் படைக்குப் பயந்து காஞ்சி வரதராஜரைத் தூக்கிவந்து ஒளித்து வைத்தது இந்தப் பாளையத்தில்தான். 1710-இல் அவர் திரும்பிப் போனதைக் காஞ்சிக் கல்வெட்டு சொல்கிறது. பாளையக்காரர் லேசில் விட்டுக்கொடுக்கவில்லையாம்!

இந்த ஊருக்கு இருக்கும் நல்ல வரலாற்று நூல் என்று நான் சொல்வது, வரலாற்று நூல் என்ற பெயரே இல்லாத ஒன்றை: உ.வே.சாமிநாதையர் 1936-இல் எழுதிய 'கனம் கிருஷ்ணையர்'. கிருஷ்ணையர் உடையார்பாளையம் சமஸ்தான வித்துவான், உ.வே.சா.வுக்கு உறவு, உ.வே.சா.வின் அப்பா வேங்கடசுப்பையர் அவரிடம் பாட்டு கற்றவர். வீட்டுக்குள் புழங்கிய ஞாபகம்தான் புத்தகத்தின் முதல்.

அதில் என்னைப் பிடித்தது, ஒவ்வொரு பதமும் எந்தச் சந்தர்ப்பத்தில் பிறந்தது என்று அவர் சொல்லிப் போகும் விதம். கவனிக்காத தலைவனிடம் தலைவி ஊடுவதாக ஒரு பதம். உண்மையில் ஊடுவது வித்துவான், தலைவன் ஜமீன்தார் கச்சி யுவரங்கர். சிருங்காரம்னு நினைச்சுக் கேட்பது பாதி சம்பளப் பேச்சு. ஆதரவு கேட்டுப் பிழைத்த கலைஞனின் மானம் எவ்வளவு நீளும், எங்கே அறுந்துபோகும் என்பதை எந்தச் செப்பேடும் இவ்வளவு நெருக்கத்தில் காட்டாது.

குறையும் இருக்கு, பெரிய குறை. யுவரங்கர் வாரிக் கொடுத்த பொன் யார் வயலில் விளைந்தது? உ.வே.சா. கேட்கவே மாட்டார். வள்ளல் வள்ளலாகவே நிற்பார். குடியானவர் பக்கங்களுக்குள் வருவதில்லை. இன்று ஊருக்கு ஒரு குழு அமைந்தால் முதலில் தேட வேண்டியது இந்த இடைவெளியைத்தான் என்பேன். விழா மேடை அப்புறம் போட்டுக்கலாம். வீட்டுப் பரணில் கிடக்கும் பத்திரங்கள், குத்தகைச் சீட்டுகள், கிழவிகளின் வாய்ப்பேச்சு எல்லாம் அரண்மனைச் சுவரைவிட வேகமாக உதிர்ந்துகொண்டிருக்கின்றன.

பதங்களின் சொற்களையாவது உ.வே.சா. அச்சில் ஏற்றிவிட்டார். கனமார்க்கத்தில் கிருஷ்ணையர் பாடியபோது அது எப்படி ஒலித்தது என்பதை எந்தப் பக்கத்திலும் கேட்க முடியாது.