நாரை சொல்லும் சேதி

முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் போர்விமானி ஜார்ஜ் கின்மேர் பறந்த 3ஆம் பிரிவின் சின்னம் செங்கால் நாரை. 1871இல் ஜெர்மனியிடம் பறிபோன அல்சாஸ் மண்ணின் பறவை அது. இழந்ததை மீட்கும் வேட்கை அந்தச் சிறகில் இருந்தது. 26, 73, 103ஆம் பிரிவுகளும் தங்கள் விமானங்களில் நாரையையே தீட்டிக்கொண்டன. கழுத்து நீண்ட வாகு, சிறகு உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதை வைத்தே எந்தப் பிரிவு என்று சொல்ல முடியும். எத்தனை அழகான நுணுக்கம்!

நிறத்தை அறிவதுதான் கடினம். அக்காலக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள் பெரும்பாலும் சிவப்பை உணராது. ஆகவே சிவப்பு கருமையாகவும் நீலம் வெளிறியும் பதியும். புகைப்படத்தை மட்டும் நம்பித் தீட்டிய விமான மாதிரிகள் இங்கேதான் பிசகுகின்றன. உருவத்துக்குப் புகைப்படம் போதும். நிறத்துக்கு, விமானத்தைப் போர்த்தியிருந்த துணியில் எஞ்சியிருக்கும் அசலே சான்று. அப்படி எஞ்சிய கின்மேரின் ஸ்பாட் 7 விமானம் பாரிஸ் அருகே லெ பூர்ஜே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.