நேர்காணலும் நேர்மையும்: எட்வர்ட் செய்தின் உரையாடல்களை முன்வைத்து

மேற்குலகு இஸ்லாத்தை நோக்கும் விதம் பற்றி எமது சஞ்சிகைகளில் வெளிவரும் கட்டுரைகளுள் எட்வர்ட் செய்தின் பெயர் இடம்பெறாதவை சிலவே. 1978இல் வெளிவந்த 'ஓரியண்டலிசம்', 1981இல் வெளிவந்த 'கவரிங் இஸ்லாம்' ஆகிய அவரது நூல்கள் எமது வாதங்களுக்குத் தொடர்ந்து வலுச்சேர்த்து வந்துள்ளன. 'கவரிங்' எனும் ஆங்கிலச் சொல் செய்தி திரட்டுவதையும் மூடி மறைப்பதையும் ஒருசேரக் குறிக்கும். அவ்விரட்டைப் பொருளிலேயே பின்னைய நூலின் சாரம் அடங்கியிருக்கிறது. ஆயினும், இந்நூல்களின் வழியாக நாம் அறிந்துள்ள செய்த் பாதி மனிதரே என்பது எமது கருத்து. மறுபாதி அவரது நேர்காணல்களில் இருக்கிறது. அப்பாதி எமக்கு எப்போதும் இனிப்பதில்லை. அதனாலேயே அது எமது கவனத்துக்கு உரியதாகிறது.

1935இல் ஜெரூஸலத்தில் ஒரு கிறிஸ்தவ அறபுக் குடும்பத்தில் பிறந்து, 1963 முதல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்து, 2003 செப்டம்பர் 25இல் மறைந்தவர் செய்த். அவரது நேர்காணல்களின் விரிவான தொகுதி 'பவர், பொலிடிக்ஸ் அண்ட் கல்ச்சர்' எனும் பெயரில் 2001இல் வெளிவந்தது. பிரித்தானிய இந்தியாவில் ஆங்கில இலக்கியக் கல்வி புகுத்தப்பட்டதன் பின்னணி அரசியலை ஆராய்ந்த பேராசிரியை கௌரி விஸ்வநாதன் அதனைத் தொகுத்தார். இலக்கிய விமர்சனம், இசை, காலனித்துவம், ஊடகம், பலஸ்தீன் என விரியும் அவ்வுரையாடல்கள் 1976 முதல் 2000 வரையிலான காலப் பகுதியைத் தழுவியவை. வானொலியாளர் டேவிட் பர்சாமியனுடன் அவர் நிகழ்த்திய உரையாடல்கள் 1994இலும் 2003இலும் தனி நூல்களாக வந்தன.

ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை அதன் வாசகத்தை மட்டும் கொண்டு எடைபோடவில்லை. சொன்னவர் யார், கேட்டவர் யார், இடையில் அதனைக் கொண்டுவந்தவர்கள் எத்தகையோர் என்றெல்லாம் வினவினர். நேர்காணலை மதிப்பிடுவதற்கும் இவ்வினாக்கள் பொருந்தும். நூலாசிரியர் தம் வினாக்களைத் தாமே வகுத்துக்கொள்கிறார். தமக்கு இடர் தருவதை எழுதாது விட்டுவிடவும் அவரால் இயலும். நேர்காணலிலோ வினா பிறருடையது. அங்கு நழுவுதலும் ஒரு விடையாகப் பதிவாகிவிடுகிறது. எனவே, ஒருவரது பேச்சு ஒளிவு மறைவற்றதா என அறிய, எதிர்த் தரப்பினரை அவர் எவ்வளவு கடிந்துரைத்தார் என்று பார்ப்பதில் பயனில்லை. தம் தரப்பினரைப் பற்றி, அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என்ன சொன்னார் என்பதே உரைகல்.

ஊடகத்தைப் பற்றி அவர் கூறியவற்றை முதலில் நோக்குவோம். 1995 ஏப்ரல் 19இல் ஒக்லஹோமா நகரின் அரச கட்டடமொன்று குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு 168 பேர் உயிரிழந்தனர். அன்று செய்தியாளர்கள் பலர் தம்மைத் தேடித் தொலைபேசியில் அழைத்ததை, 1998இல் சுட் ஜாலி இயக்கிய நேர்காணல் படமொன்றில் செய்த் நினைவுகூர்கிறார். மத்திய கிழக்கைச் சேர்ந்தவர் என்பதால் அச்செயலைப் பற்றி அவருக்கு ஏதேனும் தெரிந்திருக்கும் என்பது அவர்களது ஊகம். குற்றவாளியோ அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய டிமோதி மெக்வே எனும் வெள்ளையர். 'கவரிங் இஸ்லாம்' பல பக்கங்களில் நிறுவிய உண்மையை இச்சிறு நிகழ்ச்சி ஒரு கணத்தில் உணர்த்திவிடுகிறது. ஆய்வாளராக எழுதியவர் இங்கு சந்தேகத்துக்கு ஆளானவராகவும் பேசுகிறார். நேர்காணல் எனும் வடிவம் தரக்கூடிய தனிச் சிறப்பு இதுவேயாகும்.

இதுவரை நாம் உவந்து கேட்கும் பகுதி. அடுத்து வருவது கடினமானது. 1977 முதல் 1991 வரை பலஸ்தீனத் தேசிய சபையில் உறுப்பினராக இருந்தவர் செய்த். 1993 செப்டம்பர் 13இல் ஒஸ்லோ ஒப்பந்தம் வெள்ளை மாளிகை முற்றத்தில் கைச்சாத்திடப்பட்டபோது உலகின் பெரும்பகுதி கைதட்டியது. பலஸ்தீனரிலும் பலர் மகிழ்ந்தனர். அவ்வேளையில் அதனைச் சரணாகதி என்றுரைத்த மிகச் சிலருள் அவர் ஒருவர். இஸ்ரேலைக் குறைகூறியதோடு அவர் நின்றுவிடவில்லை. யாஸிர் அறபாத்தின் தலைமை அமெரிக்கச் சமூகத்தை அறிந்துகொள்ள முயலவில்லை. பேச்சுவார்த்தை மேசைக்குத் தனக்கென நிலவரைபடங்களைக்கூட எடுத்துச் செல்லவில்லை. அமெரிக்காவை முறையாக ஆராயும் கல்வித் துறைகளை அறபுப் பல்கலைக்கழகங்கள் உருவாக்கவில்லை என்றெல்லாம் அவர் சளைக்காது எடுத்துரைத்தார். 1996இல் பலஸ்தீன அதிகார சபை அவரது நூல்களைத் தடைசெய்தது. எந்த மக்களுக்காக வாதாடினாரோ அம்மக்களின் நிர்வாகமே அவரது எழுத்துக்குக் கதவடைத்தது. ஒளிவு மறைவற்ற பேச்சுக்கு அவர் செலுத்திய விலை இது.

தொகுதியின் இறுதியில் இடம்பெறும் நேர்காணல் எமது பார்வையில் மிகச் சிறந்தது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் இஸ்ரேலிய நாளேடான 'ஹாரெட்ஸ்' அதனை வெளியிட்டது. வினவியவர் ஆரி ஷவீத். அவர் நண்பரல்லர், வினாக்களும் நயமானவையல்ல. அகதிகள் அனைவரும் திரும்பிவர வேண்டும், இரு மக்களும் ஒரே நாட்டில் சம உரிமையுடன் வாழ வேண்டும் என்ற தம் நிலைப்பாட்டை செய்த் அங்கு தயக்கமின்றி வலியுறுத்துகிறார். அவ்வாறாயின், காலப்போக்கில் சிறுபான்மையினராகப் போகும் யூதர்களின் கதி என்ன என்று மறுவினா எழுகிறது. எல்லாம் நலமாகவே முடியும் எனக் கூறிக் கடந்து செல்வது எளிது. செய்த் அவ்வாறு செய்யவில்லை. அது தம்மைப் பெரிதும் கவலைக்குள்ளாக்கும் வினா என்றும், அதற்கான விடை தம்மிடம் இல்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். வீட்டை இழந்த ஒருவர், அவ்வீட்டில் இப்போது குடியிருப்போரின் எதிர்காலத்தையும் எண்ணிக் கவலைப்படுகிறார். இது பலவீனமன்று, நீதியைக் கோருவோருக்கு இருக்க வேண்டிய அறப்பலம்.

எமது சமூகத்துக்கு நேரடியாகக் கசப்பளிக்கும் ஓர் இடமும் உண்டு. 1986இல் சல்மான் ருஷ்தியுடன் பலஸ்தீன அடையாளம் பற்றி உரையாடியவர் செய்த். 1989இல் எழுந்த சர்ச்சையின்போது, முஸ்லிம்களின் மனம் புண்பட்டதை அவர் உணர்ந்திருந்தார்; எனினும் ருஷ்திக்கு எதிரான மரணத் தீர்ப்பைப் பகிரங்கமாக எதிர்த்தார். அந்நிலைப்பாட்டை வாசகர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் இஸ்லாத்தைப் பற்றிய மேற்கின் பொய்களை அம்பலப்படுத்தியவர் என அவரைக் கொண்டாடும்போது, இப்பகுதியைச் சொல்லாது விடுவது எவ்வகை நேர்மை? மேற்கின் ஊடகங்கள் எம்மைப் பற்றித் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன எனக் குறைகூறும் நாம், எம்மை ஆதரித்துப் பேசிய அறிஞருக்கும் அதையே செய்துவிடக் கூடாது.

இனி, குறைகளையும் சொல்ல வேண்டும். தொகுதியில் வினவியோருள் பெரும்பாலோர் அவரை ஏற்கெனவே மதித்தவர்கள். அதனால் ஒரே விடை சிறு மாற்றங்களுடன் பலமுறை வருகிறது. மேலும், உண்மையான இஸ்லாம் எது எனக் காட்டுவது தம் நோக்கமும் அன்று, அதற்கான தகைமையும் தமக்கில்லை என்று செய்த் 'ஓரியண்டலிசம்' நூலுக்கு 1994இல் எழுதிய பின்னுரையில் கூறியுள்ளார். இது பாராட்டத்தக்க அடக்கம். ஆயினும் முஸ்லிம் சமூகங்களின் அரசியலைப் பற்றி அவர் பேசும்போதெல்லாம் உலமாக்களின் நீண்ட அறிவு மரபு ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. மதச்சார்பற்ற விமர்சனம் மட்டுமே சுதந்திரமான விமர்சனமாக இருக்க முடியுமா? மார்க்க மரபுக்குள் நின்றே ஆட்சியாளரை எதிர்த்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் போன்றோரை எங்கு வைப்பது? இதனை அவரிடம் அழுத்திக் கேட்கும் ஒருவர் வாய்த்திருந்தால் எத்துணை வளமான உரையாடல் பிறந்திருக்கும்! 'ஹாரெட்ஸ்' நேர்காணல் உணர்த்துவதும் இதுவே: மாறுபட்டு வினவுவோரிடமே சிறந்த விடைகள் பிறக்கின்றன.

இன்று நேர்காணல்கள் பெருகிவிட்டன, உரையாடல் அருகிவிட்டது. 2023 ஒக்டோபரில், காஸாவில் தம் குடும்பத்தார் பலர் கொல்லப்பட்டதைக் கூறிய பலஸ்தீனப் பிரதிநிதி ஹுஸாம் ஸும்லுத்திடம், பிரித்தானியத் தொலைக்காட்சி நெறியாளர் ஒரு வரியில் அனுதாபம் தெரிவித்துவிட்டு, இஸ்ரேலியப் பொதுமக்கள் கொல்லப்பட்டதை ஏற்க முடியாதல்லவா என உடனே வினவினார். பேசுவதற்கு முன் நிரபராதியெனத் தம்மை நிறுவ வேண்டிய கட்டாயத்தை செய்த் காலமெல்லாம் எதிர்கொண்டார். அது இன்னும் நீங்கவில்லை. மறுபுறம், கைப்பேசித் திரைகளில் சில விநாடித் துண்டுகளாகப் பேச்சு நறுக்கப்படுகிறது. வினா வெட்டப்பட்டு விடை மட்டும் உலவுகிறது. ஒருவரது குரலையே செயற்கையாக உருவாக்கும் தொழில்நுட்பமும் வந்துவிட்டது. அறிவிப்பாளர் தொடரைத் துருவி ஆராய்ந்த ஒரு சமூகத்தின் வாரிசுகள், ஆதாரமற்ற துண்டுகளைக் கணநேரத்தில் பரப்புவோராக மாறிவிட்டமை வேதனைக்குரியது.

எமது சஞ்சிகைகளில் வெளிவரும் நேர்காணல்களையும் இவ்விடத்தில் எண்ணிப்பார்க்க வேண்டியுள்ளது. அவற்றுட் பல, விருந்தினரை வரவேற்கும் உரைகளாகவே அமைகின்றன. நிறுவனத்தின் சாதனைகள் வினவப்படுகின்றன, கணக்குகள் வினவப்படுவதில்லை. தலைவரின் தியாகம் பேசப்படுகிறது. அவரது தவறு பேசப்படுவதில்லை. இக்குறையிலிருந்து நாமும் விலக்குப் பெற்றவர்களல்லர். தமக்கும் தம் பெற்றோர், உறவினருக்கும் பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருக்குர்ஆன் (4:135) பணிக்கிறது. அவ்வசனத்தை மேடைகளில் ஓதும் நாம், எமது வினாத்தாள்களை அதன் ஒளியில் தயாரித்திருக்கிறோமா? முஸ்லிமல்லாத ஓர் அறிஞர் தம் மக்கள் விடயத்தில் அச்சாட்சியத்தை அளித்துச் சென்றிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுவதைவிட, எம்மிடம் எவரும் கேட்டிராத வினாக்களை நாமே எமக்குள் கேட்கத் தொடங்குவது அவருக்கு நாம் செய்யும் உரிய மரியாதையாகும்.