பட்டையைக் கழற்றினீர்களா?

ஏப்ரல் விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா போகிற பழைய ஹயஸ் வான்களில் ஒன்றிரண்டு, மறுநாள் விடியற்காலை ஸ்டார்ட் எடுக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வாடகை ஓடிய இண்டிகாக்களுக்கும் மார்கழியில் அதே கதிதான். ஊரில் தொட்டவுடன் பற்றிய எஞ்சின், மலையில் வெள்ளைப் புகையைக் கக்கிப் பற்றரியை இறக்கிவிட்டு நின்றுவிடும். இரண்டு பக்கத்துப் பட்டறைகளிலும் வயரிங் வேலை பார்த்தவன் நான். பழுது ஒன்றாகவே இருந்தது. அதைத் தேடுகிற வழக்கம்தான் வேறாக இருந்தது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் சூடே டீசலைப் பற்றவைக்கிறது. ஹயஸின் 3எல், ரவுண் ஏஸின் 2சீ, இண்டிகாவின் 1.4 லீற்றர் எஞ்சின் எல்லாமே சிலிண்டருக்கு மேலே சிறு முன்னறை வைத்தவை. குளிர்ந்த முன்னறைச் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால், சிலிண்டருக்கு ஒன்றாக ஹீற்றர் பிளக் இருக்கிறது. (குளோ பிளக் என்பது கையேட்டுப் பெயர். யாழ்ப்பாணத்திலோ கோவையிலோ கடையில் அப்படிக் கேட்டவரை நான் கண்டதில்லை.) நுனி 850 பாகை செல்சியசுக்கு மேல் சிவக்கும். நான்கும் சேர்ந்து தொடக்கத்தில் 40 அம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். அதனால்தான் தனி றிலேயும் தடித்த வயரும். சமவெளிச் சூட்டில் ஒரு பிளக் செத்தாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், சொந்தக்காரருக்குத் தெரியவே தெரியாது. மலைதான் காட்டிக்கொடுக்கும்.

மேட்டுப்பாளையத்தில் முதல் பேச்சே "நாலையும் மாத்திப்போடலாங்க அண்ணா" என்பதுதான். அதில் நியாயம் உண்டு. நான்கும் ஒரே வயது, ஒன்று போனால் மற்றவை பின்னால் வரும். உள்நாட்டு வண்டி, உள்நாட்டிலேயே கிடைக்கிற பிளக், பக்கத்துக் கடையிலேயே செட்டாக வாங்கலாம். ஆனால் ஏன் போனது என்ற கேள்வியும் பழைய பிளக்கோடு குப்பைக்குப் போய்விடுகிறது. ஒரே சிலிண்டரில் மூன்றாவது தடவையும் நுனி கருகியிருந்தால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கும் ஒரேயடியாக எரிந்திருந்தால் றிலேயின் பிளாட்டினம் ஒட்டிக்கொண்டதா, ஆல்டர்னேற்றர் அளவு மீறி ஏற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் மாற்றினால் புதிய செட்டும் அதே வழியில்தான் போகும்.

யாழ்ப்பாணத்தில் எனக்குத் தொழில் பழக்கியவர் சொன்னது வேறு: "எரிஞ்சது எதெண்டு முதல்ல பாரடா தம்பி." 1990களில் எரிபொருளும் பற்றரியும் வடக்குக்கு வரத் தடை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் அது. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் முப்பது வயது வான்களை ஓடவைத்தது கொழும்பின் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளும், ஒவ்வொன்றாகச் சோதித்த கைகளும்தான்.

அந்தச் சோதனையில் முதல் வேலை, நான்கு பிளக்கின் தலைகளையும் இணைக்கும் பட்டையைக் கழற்றுவது. பட்டை இருக்கும்வரை செத்த பிளக்கில் சோதனை விளக்கை வைத்தாலும் மற்ற மூன்றின் வழியே கரண்ட் ஓடும், விளக்கு எரியும், ஆள் ஏமாந்துபோவார். 8 மில்லிமீற்றர் நட்டுகளைக் கழற்றி, பட்டையை உயர்த்தி எடுத்து, தலைகளில் படிந்த பச்சைக் களிம்பைச் சுரண்ட வேண்டும். சோதனை விளக்கின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையில் கொளுவி, மறுமுனையை ஒவ்வொரு தலையிலும் தொட வேண்டும். எரியாதது செத்தது. மீற்றர் இருந்தால் நல்ல 11 வோல்ட் பிளக் ஏறத்தாழ ஒரு ஓம் காட்டும்.

நான்கும் நல்லதென்றால் பட்டையை மாட்டித் திறப்பைப் போட்டு, பட்டையில் வோல்ட் பார்க்க வேண்டும். 11 வராமல் 7, 8 வந்தால் கரண்ட் வழியில் எங்கோ தின்னப்படுகிறது: றிலே, கருகிய முனை, எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் ஏர்த் வயர். றிலே 'டக்' என்பதை நம்பக்கூடாது, உள்ளே முனை கருகியிருந்தாலும் அது டக் என்னும். பழைய வண்டிகளின் டாஷ்போர்ட் விளக்கும் அப்படித்தான். அது ரைமர் சொல்லி அணைகிறது, பிளக் சூடானதால் அல்ல.

இலங்கை வழக்கத்தின் பெரிய ஆபத்து வேறிடத்தில். ரொயோற்றாவின் ஒரே வரிசை எஞ்சின்களில் 11 வோல்ட் பிளக்கும் உண்டு, தடை சேர்த்து ஓடும் 6 வோல்ட் பிளக்கும் உண்டு. றீகண்டிஷன் எஞ்சின் ஒரு வயரிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது 6 வோல்ட் பிளக்கை நேரே 12 வோல்ட்டில் மாட்டினால் நுனி வீங்கி, கழற்றும்போது உள்ளேயே முறியும். மறுபுறம் 11 வோல்ட் பிளக் 6 வோல்ட் வயரிங்கில் போனால் சோதனையில் எல்லாமே சரி, சூடு மட்டும் வராது. பிளக்கில் பொறித்த எண்ணைப் படிக்காத சோதனை இங்கே பாதிச் சோதனைதான்.

இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரிச் செய்யும் தவறு ஒன்று உண்டு: ரைமர் பழுதானால் அழுத்துபொத்தான் ஒன்றை வைத்துக் கையால் சூடாக்குவது. மறந்து ஒரு நிமிடம் அழுத்தினால் செட் போய்விடும். அதைவிடக் கொடியது, ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை அடித்துக்கொண்டே ஹீற்றரையும் போடுவது. ஈதர் நேரத்துக்கு முன்பே பற்றி வெடிக்கும். யாரும் செய்யாதீர்கள்.

2007க்குப் பிறகு இந்தியாவில் பெருகிய 1.3 லீற்றர் கொமன் றெயில் கார்களில் கணினி பி0671 முதல் பி0674 வரை குறியீடு காட்டி, எந்தச் சிலிண்டர் என்று சொல்லிவிடும். கோவைப் பையன்கள் ஸ்கேனரைக் குத்திப் படித்து உடனே பிளக்கை மாற்றுகிறார்கள். குறியீடு சொல்வது அந்தச் சிலிண்டரின் மின்சுற்றைப் பற்றி. பிளக் தலையில் ஏறாத கனெக்டரும் அதே குறியீட்டைத்தான் எழுதும். போன வருடம் அப்படி வந்த காரில் நான் கனெக்டரைக் கழற்றித் துடைத்து அழுத்திவிட்டேன். கழற்றி வைத்த பழைய பிளக்கையே திரும்பப் போட்டோம்.