கடன் வாங்கிய கிக்

சிங்கப்பூரில் வீட்டிலிருந்தே பாட்டுப் பதிவு செய்யும் தமிழ் இளைஞர்களிடம், பெடலை மிதித்து அடிக்கும் கிக் டிரம் இருப்பது அரிது. கிக் ஒலி மட்டும் எல்லாரிடமும் உண்டு. வாங்கிய சாம்பிள் (முன்பே பதிவான ஒலி) தொகுப்பிலிருந்து ஒன்றை எடுத்து, கணினித் திரையின் கட்டங்களில் அடுக்கி, அதன்மேல் தபலா, தவில், உறுமி, குரல் என்று ஏற்றிக்கொண்டு போவதே இன்றைய வழக்கம். இதைக் குறுக்குவழி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகாது. இந்த ஊரின் வீடுகளும் சுவர்களும் அந்த வழிக்குத்தான் ஒருவரைக் கொண்டுபோய் விடுகின்றன. ஆனால் அந்த வழக்கம் எங்கே பிசகுகிறது என்பதையும் பேசியாக வேண்டும். பேசாததால்தான், நம் பாட்டின் அடித்தளம் எவரோ வேறொரு பாட்டை மனத்தில் வைத்துச் செய்த ஒலியாகவே நின்றுவிடுகிறது.

முதலில் வீட்டைப் பார்ப்போம். இங்கே நான்கில் மூன்று பேருக்கு மேல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். ஒருவர் வீட்டுத் தரை இன்னொருவர் வீட்டுக் கூரை. கிக் டிரம்மின் அதிர்வு காற்றில் பரவுவதைவிட, பெடலை மிதிக்கும் காலின் வழியாகக் கான்கிரீட்டில் இறங்குவதுதான் பெரிய தொல்லை. அதனால் வலைத்தோல் போட்ட மின்னணு டிரம் வாங்கிக் காதுக்கருவியில் கேட்டாலும் கீழ்வீட்டுக்காரருக்கு ‘தொம் தொம்’ போய்ச் சேர்ந்துவிடும். இரவில் அமைதி காப்பது நீண்டநாள் நடைமுறை. அண்டைவீட்டார் பூசல்களை விசாரிக்க 2015-ல் தனி நடுவர் மன்றமே அமைந்த நகரம் இது. கிக் டிரம்மை வீட்டுக்குள் கொண்டுவராதவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அப்படியே ஒருவர் துணிந்து கொண்டுவந்தாலும் அறை ஒத்துழைக்காது. ஒலி இங்குள்ள வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர் போகிறது. 3 மீட்டர் நீளமுள்ள படுக்கையறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 58 ஹெர்ட்ஸ் அலை சிக்கிக்கொண்டு நிற்கும்; 2.6 மீட்டர் உயரக் கூரைக்கும் தரைக்கும் நடுவே 67 ஹெர்ட்ஸ் சிக்கும். கிக்கின் அடிநாதம் பெரும்பாலும் 50-க்கும் 80-க்கும் இடையில்தான் இருக்கிறது. அறையின் நடுவில் நாற்காலி போட்டு அமர்ந்தால் அந்த 58 ஹெர்ட்ஸ் அங்கே காணாமல் போகும். சுவரோரம் தலையைச் சாய்த்தால் குமுறும். நடுவில் அமர்ந்து மிக்ஸிங் செய்பவர் கிக் மெலிந்திருக்கிறது என்று நினைத்துக் கூட்டிக்கொண்டே போவார். மறுநாள் நண்பரின் காரில் போட்டால் குரலே கேட்காத அளவுக்கு அது உருளும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்டர் என்ற பதுங்கறை தடித்த கான்கிரீட்டும் எஃகுக் கதவுமாய் இருப்பதால் பதிவறைக்கு வாகானது என்ற நம்பிக்கையும் சிலரிடம் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் அகலத்தில் அதே சிக்கல் 115 ஹெர்ட்ஸில், ஆண்குரலின் அடிப்பகுதியில் வந்து உட்காரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, நல்ல கூடத்தில் தேர்ந்த கைகள் பதிவு செய்த சாம்பிளைப் பயன்படுத்துவதில் உண்மையான பலம் இருக்கிறது. அறையின் கோளாறு அந்த ஒலியில் ஒட்டாது. அண்டைவீட்டாருக்கும் இடைஞ்சல் இல்லை. 1980-ல் வந்த லின் எல்எம்-1 என்ற தாளக்கருவி, அசல் டிரம்களின் பதிவை ஒரு பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்ததிலிருந்து இது உலகறிந்த முறை. தமிழுக்கும் புதிதல்ல. கோடம்பாக்கத்தில் தம் வீட்டையொட்டி அமைத்த பஞ்சதன் கூடத்திலிருந்து ஏ.ஆர். ரஹ்மான் 1992-ல் ‘ரோஜா’வைத் தந்தபோது, கணினியில் கோத்த தாளம் திரையிசையின் காதையே மாற்றிப்போட்டது. அப்படியிருக்க இப்போது என்ன குறை என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ரஹ்மானின் தாளங்களில் இயந்திரத்தோடு தாளக் கலைஞர் சிவமணி போன்றோரின் கைகளும் சேர்ந்தே இயங்கின. எந்த ஒலி எந்த ஒலிக்கு இடம் விட வேண்டும் என்ற தீர்மானம் அங்கே இருந்தது. நம் வீட்டுப் பதிவுகள் பலவற்றில் குறைவது அந்தத் தீர்மானமே.

உறுமியை எடுத்துக்கொள்வோம். ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கும்போது எழும் முனகல், கீழே தொடங்கி மேலே வழுக்கிப் போகும். தபலாவின் இடக்கையில் மணிக்கட்டை அழுத்தி வாசிக்கும் கும்கியும் அப்படித்தான். நடன இசைக்கென்று செய்த கிக் சாம்பிளுக்கு நீண்ட வால் உண்டு. அரை நொடிவரைகூட அது இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த வால் உறுமியின் முனகல் தொடங்கும் இடத்திலேயே படர்ந்து கிடக்கிறது. இரண்டும் மோதுகின்றன என்று பதிவு செய்பவர் உணர்கிறார். உடனே என்ன செய்கிறார்? கிக்கை அப்படியே வைத்துக்கொண்டு உறுமியின் அடிப்பகுதியை வெட்டிவிடுகிறார். உறுமி சிணுங்கலாகிறது, தவிலின் தொப்பிப் பக்கம் அட்டைப்பெட்டியாகிறது. விருந்தாளிக்கு இடம் கொடுக்க வீட்டுக்காரரை வாசலில் நிறுத்துவது போன்ற செயல் இது. இந்த வழக்கத்தின் மிகப் பெரிய குற்றம் என்று நான் கருதுவது இதைத்தான்.

இந்த நகரில் அந்தக் குற்றத்தின் கனம் இன்னும் கூடுகிறது. சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லும் தைப்பூச ஊர்வலப் பாதையில் 1973 முதல் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016-ல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. தெருவில் தாழ்ந்த நாதத்துக்கு இவ்வளவு காலம் இடம் குறுகியிருந்த ஊரில், கோயில் வளாகங்களிலும் மேடைகளிலும் அதைக் காப்பாற்றி வந்தவர்கள் நம் மேளக் கலைஞர்கள். அவர்கள் வாசிப்பைப் பதிவு செய்யக் கிடைத்த அபூர்வ வாய்ப்பில் அடிநாதத்தை நாமே வெட்டி எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லாரும் கைப்பேசியில்தானே கேட்கிறார்கள், அடிநாதம் யாருக்குக் கேட்கப் போகிறது என்ற மறுப்பு ஒன்று உண்டு. கைப்பேசி ஒலிபெருக்கி 60 ஹெர்ட்ஸை எழுப்பாது என்பது சரியே. ஆனால் அதில் கிக்காக நம் காதுக்கு எட்டுவது பெடலின் அடிகோலான பீட்டர் தோலில் படும் ‘டப்’ என்ற ஓசையும் மேல்நாதங்களும். அந்த மேல்நாதங்களைக் கொண்டே, இல்லாத அடிநாதத்தையும் மூளை ஊகித்துக்கொள்கிறது. எனவே கைப்பேசிக்காரருக்கே ஒலியின் குணம் அதிகம் முக்கியம். சாம்பிளோடு இன்னொரு கிக்கைச் சேர்த்துக் கனம் கூட்டுவோரும் கவனிக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. இரண்டாவது ஒலி 8 மில்லிநொடி தள்ளி விழுந்தால், ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கத்தில் கரைந்து, கூட்டக் கூட்ட மெலியும்.

பின் என்னதான் வழி? 1966-ல் லண்டன் அபே ரோடு கூடத்தில் 20 வயது ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் செய்ததை நினைத்துப் பார்க்கலாம். டிரம் கலைஞர் ரிங்கோ ஸ்டாரின் கிக் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, கூடத்தின் விதியையும் மீறி மைக்கை அருகே கொண்டுபோனார்.  அந்த மாற்றத்துக்கு மூல ஒலியில் கைவைத்து மாற்றும் துணிவு தேவைப்பட்டது. அதை வீட்டில் செய்ய முடியாவிட்டால், ஒரு ஜாமிங் ஸ்டுடியோவை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுங்கள். அடிக்கும் பக்கத் தோலைச் சுருக்கம் மறையும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். உள்ளே ஒரு துண்டு தோலைத் தொட்டும் தொடாமலும் கிடக்கட்டும். மைக்கை முன்தோலின் துளையில் வைத்து ஒரு முறை, உள்ளே பீட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஒரு முறை, மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று இருபது முப்பது அடிகளைப் பதியுங்கள். உறுமிக்காரரையும் தவில்காரரையும் முதலில் பதிவு செய்துவிட்டு, அவர்கள் நாதம் விட்டுவைத்த இடத்தைக் காதால் கண்டுபிடித்து, உங்கள் கிக்கின் வாலை அங்கே அடங்கும்படி நறுக்குங்கள். அளவைச் சரிபார்க்க அறையின் நடுவை நம்பாமல் எழுந்து நடந்து கேளுங்கள், காரிலும் போட்டுப் பாருங்கள்.

தேர்ந்தவர் செய்த சாம்பிளைவிட இது தரத்தில் குறைந்திருக்காதா என்றால், தனியே கேட்டால் குறைந்துதான் இருக்கும். கிக்கைத் தனியே கேட்பவர் பதிவு செய்பவர் ஒருவரே; மற்ற எல்லாரும் பாட்டோடு சேர்த்துத்தான் கேட்கிறார்கள். சாம்பிள் தொகுப்பு கணினியிலேயே இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும். அடுத்த பாட்டில் கிக்கை முதலில் வைக்காமல், உறுமியை முதலில் வையுங்கள்.